மருத்துவமனையில் இசை மாணவர்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். நான்காமவரை அவர் உழைச்செல்வான் என்று அழைக்கிறார். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தில் நிற்பவர், வேண்டியதை எடுத்துக் கொடுப்பவர், வேண்டாதபோது விலகி நிற்பவர் என்று அச்சொல்லை விரித்துக்கொள்ளலாம்.

இசை பயிலும் மாணவர்கள் மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளுக்காகப் பாடுவதும் வாசிப்பதும் இன்று நம் நாட்டின் பெருநகரங்கள் சிலவற்றில் காணப்படும் வழக்கமாகி வருகிறது. அது நல்ல வழக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அங்குச் செல்லும் மாணவர் தம்மை யாராக எண்ணிக்கொண்டு செல்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். அவர் மருத்துவரும் அல்லர், மருந்தும் அல்லர். உழைச்செல்வானுக்குத் துணையாக வந்த ஒருவர், அவ்வளவே. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அனைத்தும் இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கிறது.

நோயாளியின் பக்கத்தில் இசை என்பது நமக்குப் புதியதன்று. புறநானூற்றின் 281 ஆம் பாடலில் அரிசில்கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். போரில் புண்பட்டு வந்த வீரன் அங்கே கிடக்கிறான். அவன் மனைவி தன் தோழியை அழைக்கிறாள். மனையில் வேப்பிலையும் இரவமரத்தின் தழையும் செருகுகிறார்கள், யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகு தூவுகிறார்கள், ஆம்பற்குழல் ஊதுகிறார்கள், மணியை அடித்துக் காஞ்சிப்பண் பாடுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள். அவனுடைய புண்ணைக் காப்போம், வா என்பதே அவளது அழைப்பு. தீய ஆற்றல்கள் அணுகாமல் இருக்கவே இவ்வாறு செய்தார்கள் என்று உரைகாரர் விளக்குவர். அந்த நம்பிக்கை இன்று நமக்கு இல்லை. ஆனால் பாடலில் பாடுகின்றவர் யார் என்பதைக் கவனியுங்கள். பரிசில் பெற வந்த பாணர் அல்லர். புண்ணைப் பேணுகின்ற பெண்களே பாடுகிறார்கள்.

நான் தில்லியில் வயலின் கற்பிப்பவன். என்னிடம் பயில்வோரில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனை எங்களை அழைத்தது. நாங்களும் மகிழ்ச்சியுடன் சென்றோம். அந்த முதல் நாளை நான் பெருமையோடு நினைப்பதில்லை. நோயாளர் கூடத்திற்கு வெளியே உள்ள நடையில் மேடை போட்டிருந்தார்கள். பெரிய பதாகை, பூச்செண்டுகள், இரண்டு ஒலிபெருக்கிகள். சிறப்பு விருந்தினர் இருபது நிமிடம் பேசினார். பிறகு என் மாணவர்கள் கச்சேரி வழக்கப்படி ஒரு வர்ணத்தில் தொடங்கி, அதை இரண்டாம் காலத்திலும் வாசித்தார்கள். நடையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கூடத்திற்குள் முந்திய நாள்தான் அறுவை மருத்துவம் செய்துகொண்ட ஒருவர் போர்வையால் தலையை மூடிக்கொண்டார். ஒரு செவிலியர் என்னிடம் வந்து, ஓசையைக் குறைக்க முடியுமா என்று மெல்லக் கேட்டார். குறைத்தோம். ஆனால் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. விருந்தினர் முன்வரிசையில் இருந்தார் அல்லவா!

வெளியே வந்தபோது மருத்துவமனை வாயிலில் ஒலிப்பான் மீது குறுக்குக் கோடிட்ட பலகை கண்ணில் பட்டது. இந்திய அரசின் 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி ஆகும். பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என்பது அங்கு அனுமதிக்கப்படும் அளவு. நோயாளிகள் பேணப்படும் அறைகளுக்கு உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டுதல் இதைவிடக் கடுமையானது. 35 டெசிபலைத் தாண்டலாகாது என்கிறது. சாலையில் செல்லும் பேருந்து ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தக் கூடாத இடத்தில் நாங்கள் ஒலிபெருக்கியைக் கொண்டு போய் வைத்திருந்தோம்.

இதில் ஒலியளவு மட்டுமே சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். சபைக் கச்சேரியில் பாட்டுப் பிடிக்காதவருக்கு வழி உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலைக்கு நடையைக் கட்டுகின்ற சென்னை இரசிகர்களை எல்லாரும் அறிவார்கள். கையில் ஊசி குத்தி, குழாய் பொருத்திப் படுத்திருக்கும் ஒருவரால் எங்கே எழுந்து போக முடியும்? அவருக்கு எப்போது உணவு, எப்போது ஊசி, எப்போது விளக்கை அணைப்பது என்பவற்றையெல்லாம் பிறரே முடிவு செய்கிறார்கள். அத்தகையவரிடம் சென்று, கேட்கிறீர்களா என்று வினவாமலே பாடத் தொடங்குவது அவருக்கு எஞ்சியிருக்கும் சிறு உரிமையையும் பறிப்பதாகும். ஆதலால் இசை மாணவர் மருத்துவமனையில் முதலில் கற்க வேண்டியது பாட்டன்று. கேட்டு, விடைபெற்று, வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் நகர்வது. வேண்டாம் என்று ஒருவர் சொல்ல முடிகின்ற இடத்தில்தான் மற்றவர் சொல்லும் ஆகட்டும் என்பதற்கு மதிப்பு உண்டு.

அதன்பின் நாங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். வேறொரு மருத்துவமனையின் தலைமைச் செவிலியரைக் கண்டு பேசினோம். எந்தக் கூடத்திற்கு வரலாம், எந்த நேரத்தில் வரலாம் என்பதை அவரே முடிவு செய்தார். தீவிர மருத்துவப் பிரிவு வேண்டாம். தொற்று உள்ளவர்கள் இருக்கும் பகுதி வேண்டாம். சளி, இருமல் உள்ள மாணவர் அன்று வரவே வேண்டாம். உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் கை கழுவ வேண்டும். ஒரு முறைக்கு நால்வருக்கு மேல் கூடாது. மிருதங்கம் வேண்டாம் என்றதும் எங்கள் மாணவன் ஒருவன் வருந்தினான். அடுத்த முறை வெறுங்கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சுருதிப்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பணியை அவனே ஏற்றுக்கொண்டான்.

ஒரு சிறு தொழில் நுட்பச் செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கருநாடக இசையில் வயலின் வாசிப்பவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வலக்காலைச் சற்று நீட்டி, கருவியின் தலைப்பகுதியைக் கணுக்காலின் மேல் ஊன்றிக்கொள்வார். நோயாளர் கூடத்தில் தரையில் அமர இடமேது? தள்ளுவண்டி வரும், சக்கர நாற்காலி வரும், துடைப்பவர் வருவார். எனவே முக்காலியில் அமர்ந்து முழங்காலில் கருவியை ஊன்றி வாசிக்கப் பழக வேண்டியிருந்தது. இடக்கை கமகங்களுக்கு எளிதில் நழுவ மறுத்தது. இரண்டு மாதம் வீட்டில் பழகிய பிறகே மாணவர்கள் மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தார்கள். தொண்டு செய்யச் செல்கிறோம் என்பதற்காக அரைகுறையாக வாசித்தாலும் போதும் என்று எண்ணுவது தவறு. நோயாளிக்கும் செவி உண்டு.

இசை நோயாளிக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று கேட்பவர்களுக்கு விடை கூறுவது நம் கடமை. 2015 ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அறுவை மருத்துவம் செய்துகொண்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளை அது தொகுத்துப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலிநீக்கி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் அவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாள்கள் குறையவில்லை. இந்த இரண்டாம் பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நான் என் மாணவர்களிடம் வலியுறுத்துவது உண்டு. இசை வலியைச் சற்றுத் தணிக்கலாம்; அச்சத்தைக் குறைக்கலாம். அதுவே பெரிய காரியம். அதற்கு மேல் உரிமை கொண்டாட வேண்டியதில்லை.

இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று பட்டியல் போடுகின்றவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். முத்துசுவாமி தீட்சிதர் தம் மாணவர் தம்பியப்பனின் வயிற்றுவலி நீங்க வேண்டி, அடாணா இராகத்தில் வியாழன் மீது கீர்த்தனை இயற்றினார் என்னும் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆசிரியர் மாணவர்பால் கொண்ட அன்பைக் காட்டும் அழகான கதை அது. அக்கதையை எடுத்துக்கொண்டு, குடற்புண்ணால் துன்புறும் ஒருவரிடம் சென்று, அடாணா கேளுங்கள், மாத்திரை தேவைப்படாது என்று ஒரு மாணவர் சொல்வாரானால் அவர் செய்வது தொண்டன்று, தீங்கு. நீலாம்பரி தாலாட்டுக்குரிய இராகம் என்பது நம் மரபு. அதைத் தாழ்ந்த குரலில் வாசித்தால் ஒரு குழந்தை உறங்கவும் கூடும். உறங்கினால் மகிழ்வோம். உறங்காவிட்டால் இராகத்தின் மீதும் குழந்தையின் மீதும் குறை காணாமல் எழுந்து வருவோம்.

இசையை மருத்துவத் துறையாகவே பயின்றவர்கள் வேறு, நாம் வேறு. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காக அமெரிக்காவின் மருத்துவமனைகளில் இசைக் கலைஞர்கள் தன்னார்வத்துடன் வாசித்தார்கள். அதனால் விளைந்த நன்மையை மருத்துவர்கள் கண்டார்கள். ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதும் விரைவிலேயே புலப்பட்டது. 1944 இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இசை மருத்துவத்திற்கென ஒரு பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. நம் பள்ளி மாணவர்களுக்கு அந்தப் பட்டம் வேண்டியதில்லை. தாம் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் அறிவு வேண்டும்.

எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும்போது மாணவர் நேரில் சென்று வாசிப்பானேன் என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மேலே சொன்ன ஆய்வுகளிலும் பெரும்பாலும் ஒலிப்பதிவு இசையே பயன்படுத்தப்பட்டது. கைப்பேசியில் உலகின் சிறந்த வித்துவான் வாசிப்பதைக் கேட்கலாம். என் மாணவர்கள் அவ்வளவு சிறந்தவர்கள் அல்லர். எனினும் ஒலிப்பதிவு கேட்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. புருவம் சுருங்கினால் அது வேகத்தைக் குறைக்காது. பாதியில் ஒருவர் உறங்கிவிட்டால் அது தானாகத் தாழ்ந்து ஓயாது. இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அதை ஒரு நிகழ்ச்சியால் சொல்வதே எளிது.

மழைக்காலத்தில் ஒரு நாள் பெண்கள் கூடத்திற்குச் சென்றிருந்தோம். உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த ஒரு மூதாட்டி சன்னல் ஓரக் கட்டிலில் இருந்தார். அவரோடு தங்கியிருந்த மகன் ஏதோ மருந்து வாங்கச் சென்றிருந்தார். என் மாணவி அவரிடம் சென்று, "தாதீஜி, கொஞ்சம் வாசிக்கட்டுமா?" என்று இந்தியில் கேட்டாள். இந்தியில் தாதி என்றால் தந்தையின் தாய். தமிழிலோ தாதி என்பது செவிலியைக் குறிக்கும். வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியும் பேசி வளரும் எங்கள் பிள்ளைகள் இச்சொல்லைக் கேட்டால் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது வழக்கம்.

"உனக்குக் கஜரி தெரியுமா, மகளே?" என்று அவர் கேட்டார்.

கஜரி என்பது மிர்சாப்பூர், வாரணாசி வட்டாரங்களில் மழைக்காலத்தில் பெண்கள் பாடும் பாடல். சாவன் மாதத்தில் ஊஞ்சலாடிக்கொண்டும் பாடுவார்கள். என் மாணவிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பதினான்கு ஆண்டுகளாகத் தில்லியில் இசை கற்பிக்கின்ற நான் அண்டை மாநிலத்துப் பெண்கள் பாடும் பாட்டு ஒன்றைக்கூட முழுமையாகக் கேட்டதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"தெரியாது, தாதீஜி."

"அப்படியானால் நான் பாடுகிறேன். நீ வாசி."

அவர் பாடினார். மூச்சு நீளவில்லை, இரண்டு அடிக்கு ஒருமுறை நிறுத்தினார். சுருதி எங்கள் பெட்டியோடு சேரவில்லை. என் மாணவி பெட்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, அவர் குரலுக்கு ஏற்பத் தந்தியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டாள். அவர் நின்ற இடத்தில் நின்றாள், தொடர்ந்தபோது பின்தொடர்ந்தாள். பக்கவாத்தியம் என்று நாம் சொல்கிறோமே, அதன் பொருளை நான் பலமுறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அவ்வளவு தெளிவாக ஒருபோதும் விளக்கியதில்லை. எதிர்க்கட்டிலில் இருந்த பெண் அதே பாட்டின் வேறொரு வடிவத்தைச் சொன்னார். சற்று நேரம் இருவருக்கும் எது சரியான பாடம் என்பதில் வாதம் நடந்தது. நாங்கள் ஆயத்தம் செய்துகொண்டு சென்ற உருப்படிகள் எதையும் அன்று வாசிக்கவில்லை.

அந்த மூதாட்டிக்கு அன்று வலி குறைந்ததா என்று நான் அறியேன். காலை முதல் எல்லாரும் அவருக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டும் ஏதாவது செய்துகொண்டும் இருந்தார்கள். அந்தக் கால் மணி நேரம் அவர் பிறருக்குக் கொடுத்தார். கைப்பேசிக்கு யாரும் பாட்டுக் கற்பிக்க முடியாது.

ஸ்பிக் மெக்கே இயக்கத்தைப் பற்றி நீங்கள் அறிந்திருக்கலாம். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்த கிரண் சேத் 1977 இல் தொடங்கியது அது. பெரும் வித்துவான்களைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அழைத்து வந்து, மாணவர்களின் முன்னே அமர்த்தியது. அரங்கிற்கு வர இயலாதவர்களிடம் இசை சென்று சேர வேண்டும் என்னும் எண்ணத்தை நம் நாட்டில் ஊன்றியவர்களில் அவ்வியக்கத்தார் முதன்மையானவர்கள். அவ்வாறு பெற்ற மாணவர்கள் அதை அடுத்த வாயிலுக்குக் கொண்டு செல்வது இயல்பே அன்றோ?

எதிர்ப்பவர்களும் உண்டு. கட்டில் போதவில்லை, மருந்து போதவில்லை. தில்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு வெளியே நோயாளிகளின் உறவினர்கள் குளிரிலும் நடைபாதையில் படுத்துறங்குகிறார்கள். இந்நிலையில் வயலின் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் கூறுவதில் உண்மை இருக்கிறது. கட்டிலுக்கு மாற்றாக இசையைக் காட்டினால் நானும் அவர்களோடு சேர்ந்து எதிர்ப்பேன். ஆனால் மாணவர் கையில் இருப்பது கட்டில் அன்று. அவர் வீட்டிலேயே அமர்ந்துவிட்டால் எந்த மருத்துவமனைக்கும் ஒரு கட்டில் கூடப் போவதில்லை. நடைபாதையில் இருக்கும் உறவினர்களைப் பார்த்துவிட்டு வருகின்ற மாணவர், கட்டில் ஏன் போதவில்லை என்று பிற்காலத்தில் கேட்கக்கூடியவராக வளர்வார் என்பது என் நம்பிக்கை.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். நம் பள்ளிகளில் சமூகப் பணிக்குக் குறிப்பேடு எழுதும் வழக்கம் உள்ளது. எழுதுங்கள், தவறில்லை. நோயாளியின் கட்டிலருகே நின்று படம் எடுத்து அதில் ஒட்டாதீர்கள். நோயுற்ற கோலத்தில் தம் முகம் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் இருப்பதை யார் விரும்புவார்? என்ன நோய் என்றும் கேட்காதீர்கள். அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வெளியே சொல்லாதீர்கள். பக்திப் பாடலாயின், எந்தச் சமயத்தவர் என்று ஊகித்துக்கொண்டு பாடாமல் எது வேண்டும் என்று வினவுங்கள். திரைப்பாட்டு வேண்டும் என்றால் அதையும் வாசியுங்கள். நம் கருநாடக இசை ஆசிரியர்களில் சிலருக்கு இது பிடிப்பதில்லை. எனக்கும் தொடக்கத்தில் பிடிக்கவில்லை. ஒரு முதியவர் தம் திருமணத்தின்போது கேட்ட பழைய இந்திப் பாடலை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு அந்தத் தயக்கம் என்னிடமிருந்து அகன்றது.

ஆண்டுக்கு ஒருமுறை பெருங்கூட்டமாகச் செல்வதைவிட, மாதத்திற்கு இருமுறை நால்வராகச் செல்வது நல்லது. நெடுநாள் தங்கியிருக்கும் நோயாளிகள் சனிக்கிழமையை எண்ணிக் காத்திருக்கிறார்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பது அவர்களுக்கு நாம் தரும் புதிய ஏமாற்றம். தேர்வுக்காலத்தில் என்ன செய்வது என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை நான் அழைத்துச் செல்வதில்லை. மற்ற வகுப்பினர் இருவர் மட்டும் அரை மணி நேரம் சென்று வருகிறார்கள். ஏப்ரலில் பெரியவர்கள் மறுபடியும் வருவார்கள் என்று தலைமைச் செவிலியரிடம் முன்னரே சொல்லிவிட்டோம். அவரும் தம் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை வரும்போது முக்காலிகளுக்கு அடியில் ஒட்ட இரப்பர்த் துண்டுகள் வாங்கி வரும்படி சொன்னார். இழுக்கும்போது தரையில் கிறீச்சிடுகிறதாம்.